எல்2 கட்டுற டீம்களுக்கு ஒரு திறந்த மடல்: பூசாரி இல்லாம சாமி கும்பிட விடுங்க

ஆப்டிமிசம், ஆர்பிட்ரம், பேஸ், ஸ்க்ரோல், லீனியா, ஸ்டார்க்நெட், இசட்கேசிங்க்னு எந்தக் கொடி பிடிச்சாலும் சரி, எல்2 நெட்வொர்க் (எத்தீரியம்ங்கற எல்1 ப்ளாக்செயினுக்கு மேல ஓடுற நெட்வொர்க்) கட்டுற எல்லா டீமுக்கும், எல்2 டீம்கள் சேந்து பேசுற ரோல்கால் மீட்டிங்ல உக்காந்து ஆர்ஐபி (எல்2களுக்கான பொது விதி வரைவு) பேசுற எல்லாருக்கும் வணக்கம்.

நான் ஒரு சின்ன வாலட் (கிரிப்டோ காச வச்சுக்க, அனுப்ப உதவுற ஆப்) டீம்ல இருக்கேன். மூணே பேர். காலைல காபியோட பண்ட்லர் (யூசரோட வேலைய நெட்வொர்க்குக்கு எடுத்துட்டுப் போற இடைத்தரகர்) லாக், ராத்திரி தூங்கப்போற முன்னாடி பண்ட்லர் லாக், இதான் நம்ம பொழப்பு. இத தமிழ்ல எழுதறதுக்கு காரணம், கோவம் எனக்கு இங்கிலீஷ்ல ஒழுங்கா வர்றதில்ல, அதோட உங்க டீம்கள்ல நம்மாளுங்க நிறைய பேர் இருக்காங்க, அவங்க படிச்சுட்டு உங்களுக்கு எடுத்துச் சொல்லட்டும். நான் கேக்கறது ஒண்ணுதான், அந்த இடைத்தரகர் இல்லாம யூசர் வேலைய நெட்வொர்க்கே நேரா எடுத்துக்கட்டும், அதையும் எல்லாரும் ஒரே மாதிரி பண்ணுங்க.

போன மாசம் நடந்தது. திருப்பூர்ல துணிக்கு லேபிள் டிசைன் பண்ற ஃப்ரெண்டு ஒருத்தன், அவனுக்கு வெளிநாட்டு க்ளையன்ட் 120 யுஎஸ்டிசி (ஒண்ணு ஒரு டாலர் மதிப்புள்ள டோக்கன்) அனுப்பியிருக்கார், அதுவும் உங்க நெட்வொர்க்ல ஏதோ ஒண்ணுலதான், எதுன்னு சொல்லல. ராத்திரி பத்தரைக்கு போன். "மாப்ள, காசு வந்துருச்சு, ஸ்க்ரீன்ல தெரியுது, அனுப்புனா இன்சஃபிஷியன்ட் ஃபண்ட்ஸ்னு வருது, 120 டாலர் வச்சிருக்கவன்கிட்ட என்னடா இன்சஃபிஷியன்ட்?" மாப்ள அது எத்தீரியத்தோட சொந்தக் காசான ஈத்தர் கேக்குது, கேஸ்ங்கற அனுப்புற கட்டணத்த கட்டன்னேன். எவ்வளவுன்னான். ஒரு ரூபா கூட இருக்காதுடான்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் மெதுவா, "அந்த ஒரு ரூபாய அந்த 120 டாலர்ல இருந்தே எடுத்துக்கச் சொல்லேன்"ன்னான்.

இதுக்கு நான் என்னன்னு பதில் சொல்றது? கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலையறதுன்னு சொல்வாங்கல்ல, அதான் இது. அந்த ஒரு ரூபா ஈத்தர வாங்க அவன் எக்ஸ்சேஞ்ச்ல கணக்கு தொறக்கணும், கேஒய்சி முடியற வரைக்கும் காத்திருக்கணும், வெளிய எடுக்கறதுக்கு அவங்க வச்சிருக்க குறைஞ்சபட்ச அளவுக்காவது வாங்கணும், இந்தியால 2022ல இருந்து லாபத்துக்கு 30 சதவீதம் வரி, கைமாறும்போது 1 சதவீதம் டிடிஎஸ்னு கணக்கு வழக்கு வேற, இவ்வளவும் கேஸ் கட்ட. கடைசில என் வாலட்ல இருந்து கொஞ்சம் தள்ளி விட்டேன், வேலை முடிஞ்சுது. எல்லாருக்கும் பத்தரை மணிக்கு போன் பண்ண ஒரு மாப்ள இருப்பானா என்ன.

நெட்வொர்க் கட்டுறவங்களுக்கு இது தெரிஞ்ச கதைதான், இத படிக்கிற மத்தவங்களுக்காக ரெண்டு வரி சொல்லிடறேன். எத்தீரியம்ல ரெண்டு வகை அக்கவுன்ட். ஒண்ணு இஓஏ, அதாவது ஒரு ப்ரைவேட் கீ, வேற ஒண்ணும் கிடையாது, கீ தொலைஞ்சாலும் எல்லாம் போச்சு, கீ இன்னொருத்தன் கைல கிடைச்சாலும் எல்லாம் போச்சு. இன்னொண்ணு கான்ட்ராக்ட், இதுல என்ன விதி வேணாலும் எழுதிக்கலாம், ரெண்டு பேர் கையெழுத்து போட்டாதான் காசு போகணும், ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல போகக்கூடாது, போன் தொலைஞ்சா வீட்டாளுங்க மூணு பேர் சேர்ந்து சாவிய மாத்திக் குடுக்கலாம், இப்படி. ஆனா கான்ட்ராக்ட்டால தானா ஒரு ட்ரான்சாக்ஷன ஆரம்பிக்க முடியாது, கேஸ் கட்டவும் முடியாது, எப்பவும் ஒரு இஓஏ வந்து கதவத் தட்டணும். அந்தத் தடுப்ப எடுத்துட்டு, கான்ட்ராக்ட்டும் ஒரு முழு அக்கவுன்ட்டா நடமாட விடறதுதான் அக்கவுன்ட் அப்ஸ்ட்ராக்ஷன், சுருக்கமா ஏஏ.

இத 2017ல இஐபி-86னு (இஐபி, இஆர்சி எல்லாம் எத்தீரியத்துக்கான வரைவுகள்) கேட்டுப் பாத்தாங்க, 2020ல இஐபி-2938னு கேட்டுப் பாத்தாங்க, எல்1ல ரெண்டுமே ஏறல. மெர்ஜ்ங்கற பெரிய மாற்றத்தோட வேலைல கோர் டெவலப்பர்ஸ் எல்லாரும் தலை தூக்க முடியாம இருந்த நேரம், ப்ரோட்டோகாலத் தொடாமலே எப்படி பண்றதுன்னு யோசிச்சு 2021 செப்டம்பர்ல இஆர்சி-4337 வரைவு வந்துச்சு, 2023 மார்ச்ல அதோட என்ட்ரிபாயின்ட் கான்ட்ராக்ட் மெயின்நெட்ல உக்காந்துச்சு. அன்னிக்கு நானும் துள்ளிக் குதிச்சவன்தான், பொய் சொல்லல.

ஆனா அது தலையச் சுத்தி மூக்கத் தொடுற வேலை. யூசர் போடுற கையெழுத்து ட்ரான்சாக்ஷனே கிடையாது, யூசர்ஆப்னு ஒரு பொட்டலம், அது தனி மெம்பூல்ல, அதாவது காத்திருப்பு வரிசைல, போய் நிக்கும், பண்ட்லர்னு ஒருத்தர் வந்து அத எடுத்து சிமுலேட் பண்ணிப் பாத்து தன்னோட இஓஏல கையெழுத்து போட்டு என்ட்ரிபாயின்ட்ட கூப்பிடுவார், என்ட்ரிபாயின்ட் உங்க அக்கவுன்ட்ட கூப்பிட்டு இது நீதானான்னு கேக்கும், அப்புறம்தான் காரியம் நடக்கும். சாதாரண இஓஏ ட்ரான்ஸ்ஃபருக்கு 21,000 கேஸ், இந்த ஊர்வலத்துக்கு சாதாரண வேலைக்கே அதப்போல ரெண்டு மடங்கு. சாமி வரம் குடுத்தாலும் பூசாரி வரம் குடுக்கணும்னு ஒரு பேச்சு இருக்குல்ல, பண்ட்லர்தான் அந்தப் பூசாரி. உங்க சீக்வென்சர் (ட்ரான்சாக்ஷன வரிசைப்படுத்தி ப்ளாக்ல ஏத்துற கம்ப்யூட்டர்) ரெடியா இருக்கும், ப்ளாக்ல இடம் இருக்கும், அக்கவுன்ட்ல காசு இருக்கும், பூசாரி மட்டும் முகத்த திருப்பிக்குவார்.

எப்படி திருப்பிக்குவார்னு ஒரு உதாரணம். எல்2ல கட்டணம் ரெண்டு பகுதி, ஒண்ணு உங்க நெட்வொர்க்ல ஓடுறதுக்கு, இன்னொண்ணு டேட்டாவ எல்1ல போடுறதுக்கு. என்ட்ரிபாயின்ட் ஒரு வெறும் கான்ட்ராக்ட், அதுக்கு இந்த ரெண்டாவது பகுதி என்னன்னே தெரியாது. அதனால அந்த செலவ ப்ரீவெரிஃபிகேஷன்கேஸ்னு ஒரு ஃபீல்டுக்குள்ள தோராயமா கணக்குப் போட்டு அடைச்சு அனுப்பணும். நான் எஸ்டிமேட் கேட்ட நேரத்துக்கும் யூசர் ஃபேஸ்ஐடி காட்டி கையெழுத்து போட்ட நேரத்துக்கும் நடுவுல எல்1 விலை கொஞ்சம் ஏறிருச்சுன்னா பண்ட்லர் 'பத்தாது'ன்னு திருப்பி அனுப்பிடுவார். யூசர் எங்களத் திட்டுவார், நாங்க பண்ட்லர் கம்பெனிக்கு டிக்கெட் போடுவோம், அவங்க அடுத்த நாள் 'இப்ப சரியா இருக்கே'ம்பாங்க, ஏன்னா அதுக்குள்ள விலை இறங்கியிருக்கும். அக்கவுன்ட்ல காசு பத்தலன்னா பிழை எண் ஏஏ21, வேலிடேஷன், அதாவது இது நீதானாங்கற சோதனை, புட்டுக்கிச்சுன்னா ஏஏ23, நான்ஸ்ங்கற வரிசை எண் தப்புன்னா ஏஏ25, யூசருக்காக கட்டணம் கட்டுற பேமாஸ்டர் கோவிச்சுக்கிட்டா ஏஏ33, எனக்கு சொந்தக்காரங்க பிறந்தநாள் மறந்தாலும் மறக்கும், இந்த நம்பர் மறக்காது. இவ்வளவும் தாண்டி உள்ள போச்சுன்னா, ட்ரான்சாக்ஷன தேடிப் பாக்கற எக்ஸ்ப்ளோரர் தளத்துல அனுப்பினவர்ங்கிற இடத்துல பண்ட்லர் அட்ரஸ் நிக்கும். "நான் அனுப்பினதுல யாரோட பேரு இது, என்னைய ஹேக் பண்ணிட்டாங்களா"ன்னு வாரத்துக்கு ஒரு மெயிலாவது வருது எங்களுக்கு.

எல்1ல இத மாத்தறது கஷ்டம், அங்க உலகமே ஒத்துக்கணும், அது புரியுது. எல்2ல என்ன தடை? நெட்வொர்க்க ஓட்டுற நோடு சாஃப்ட்வேர் உங்களோடது, சீக்வென்சர் உங்களோடது, அப்கிரேடு பண்ற உரிமையும் பெரும்பாலும் உங்க கைலயேதான் இருக்கு. கான்ட்ராக்ட் அக்கவுன்ட்டோட ட்ரான்சாக்ஷன சீக்வென்சரே நேரா எடுத்து, அதோட வேலிடேட் ஃபங்ஷன ஓட்டிப் பாத்து, கட்டணத்த அதுகிட்டயே பிடிச்சு, அப்புறம் காரியத்த ஓட்டினா போதும். எல்1 டேட்டா செலவும் நோடுக்கே தெரியும், கரெக்டா பிடிச்சுக்கும். இதான் நேட்டிவ் ஏஏ. முடியாததுன்னு யாரும் சொல்ல முடியாது, ஏன்னா செஞ்சு காட்டிட்டாங்க. ஸ்டார்க்நெட்ல ஆரம்பத்துல இருந்தே இஓஏன்னு ஒண்ணு கிடையாது, எல்லா அக்கவுன்ட்டும் கான்ட்ராக்ட்தான். இசட்கேசிங்க் எரா 2023 மார்ச்ல கதவு திறந்தப்பவே நேட்டிவ் ஏஏவோட வந்துச்சு, அதுக்குன்னு தனி ட்ரான்சாக்ஷன் வகை, எண் 113, பேமாஸ்டர் உள்பட, சாதாரண கீ வச்சிருக்கவங்களுக்கும் பின்னாடி டிஃபால்ட் அக்கவுன்ட்னு ஒரு கான்ட்ராக்ட் ஓடும், அவங்களுக்கே தெரியாது.

அப்ப என்னதான்டா பிரச்சனை உனக்குன்னு கேப்பீங்க. இவங்க ரெண்டு பேரு செஞ்சதும் ரெண்டு விதம். எங்க கோடு வச்சிருக்கற ரெப்போல ஒரே 'அனுப்பு' பட்டனுக்குப் பின்னாடி மூணு ஃபோல்டர் இருக்கு, ஸ்டார்க்நெட்டுக்கு ஒண்ணு, இசட்கேசிங்குக்கு ஒண்ணு, மத்த எல்லாத்துக்கும் 4337. நாளைக்கு நீங்க ஒவ்வொருத்தரும் 'எங்க நேட்டிவ் ஏஏதான் ஒசத்தி'ன்னு ஆளுக்கொரு டிசைன் போட்டீங்கன்னா எனக்கு பதினஞ்சு ஃபோல்டர். மூணு பேர் டீம் என்ன பண்ணும், ரெண்டு நெட்வொர்க்க மட்டும் வச்சுக்கிட்டு மத்தத தூக்கிடும். ஊர் கூடி இழுத்தாதான் தேர் நகரும், நீங்க நாலு பேரு நாலு திசைல வடம் கட்டி வச்சிருக்கீங்க.

ஆளுக்கொரு மாதிரி இருந்தா வெறும் எரிச்சல் மட்டும்தான்னு நினைக்காதீங்க, காசும் போகும். 2022 ஜூன்ல நடந்தது ஞாபகம் இருக்கும். ஆப்டிமிசம் ஃபவுண்டேஷன் விண்டர்மியூட்ங்கற ட்ரேடிங் கம்பெனிக்கு அவங்களோட ஓபி டோக்கன் 2 கோடி அனுப்பினாங்க. விண்டர்மியூட் குடுத்த அட்ரஸ் எல்1ல இருக்கற அவங்க மல்டிசிக் (பல பேர் கையெழுத்து வேணும்ங்கற) கான்ட்ராக்ட்டோடது, ஆப்டிமிசம்ல அந்த அட்ரஸ்ல ஒண்ணுமே இல்ல, காலி மனை. இஓஏவா இருந்திருந்தா அதே கீ அங்கயும் திறந்திருக்கும். கான்ட்ராக்ட் அக்கவுன்ட் அப்படி இல்லையே. எவனோ ஒருத்தன் எல்1ல நடந்த பழைய டிப்ளாய்மென்ட்ட ஆப்டிமிசம்ல மறுபடி ஓட்டி, அதே அட்ரஸ்ல தன்னோட கான்ட்ராக்ட்ட எழுப்பி, குடியேறிட்டான். அப்புறம் 1 கோடியே 70 லட்சத்த திருப்பிக் குடுத்தான்ங்கறது அவன் மனசு. அவ்வளவு பெரிய ட்ரேடிங் கம்பெனியே அட்ரஸ்ல ஏமாந்துச்சு, என் திருப்பூர் மாப்ள ஒரே அட்ரஸ எல்லா நெட்வொர்க்குலயும் குடுக்க மாட்டானா? இசட்கேசிங்க் எராவுல கான்ட்ராக்ட் அட்ரஸ் கணக்கிடற சூத்திரமே எத்தீரியத்துல இருந்து வேற. ஸ்டார்க்நெட்ல அட்ரஸ் வடிவமே வேற. இனிமே நேட்டிவ் ஏஏ கொண்டு வர்றவங்க, ஒரே அக்கவுன்ட்டுக்கு எல்லா இடத்துலயும் ஒரே அட்ரஸ் கிடைக்கும்ங்கறத முதல் நாள்ல இருந்தே சேத்து வைங்க, அப்புறம் பாத்துக்கலாம்ங்கற லிஸ்ட்ல தள்ளாதீங்க.

இப்பதான் இஐபி-7702 வந்துருச்சேன்னு சிலர் சொல்றீங்க. 2025 மே 7ல எத்தீரியத்தோட பெக்ட்ரா அப்கிரேடோட வந்துச்சு, நல்ல விஷயம்தான், பழைய இஓஏ ஒரு கான்ட்ராக்ட்டோட கோட கடன் வாங்கி ஓட்டலாம், டோக்கன எடுக்க அனுமதி குடுக்கற அப்ரூவும் அத மாத்தற ஸ்வாப்பும் ஒரே கையெழுத்துல முடியுது, நாங்களும் பயன்படுத்தறோம். ஆனா பழைய ப்ரைவேட் கீ அப்படியே ராஜாவா உக்காந்திருக்கு. மேல எவ்வளவு பூட்டு போட்டாலும் அந்தக் கீ வச்சிருக்கவன் எல்லாத்தையும் கழட்டிட்டுப் போயிடலாம். வந்த ஒரே மாசத்துல என்ன ஆச்சு, ஏற்கனவே கீ கசிஞ்ச வாலட்களுக்குள்ள காசு வந்து விழுந்த உடனே வழிச்சுட்டுப் போற கான்ட்ராக்ட்டோட கோட திருடனுங்க கூட்டம் கூட்டமா கடன் வாங்கி மாட்டி விட்டானுங்க, விண்டர்மியூட் ஆளுங்க அதுக்கு க்ரைம் என்ஜாயர்னு பேரே வச்சாங்க. அது 7702ஓட தப்பு இல்ல, கீ ஏற்கனவே கசிஞ்சதுதான். ஆனா கீய மாத்தவே முடியாத அக்கவுன்ட்ட எவ்வளவு அலங்காரம் பண்ணாலும் கீய மாத்த முடியாதுங்கறத மறந்துடக்கூடாது.

உங்க பக்க நியாயத்தையும் சொல்லிடறேன், இல்லன்னா வெறும் புலம்பலாயிடும். இஓஏ கையெழுத்த சரிபாக்கறது சீப், எப்பவும் ஒரே செலவு. கான்ட்ராக்ட் வேலிடேஷன்னா எவனோ எழுதின கோட ஓட்டணும், அது தோத்துப்போச்சுன்னா கட்டணம் வசூலாகாது, ஓட்டின செலவு உங்க தலைல. இன்னும் மோசம், ஆயிரம் ட்ரான்சாக்ஷனோட வேலிடேஷன் எல்லாம் ஒரே ஒரு ஸ்டோரேஜ் ஸ்லாட்ட (கான்ட்ராக்ட் மதிப்பு எழுதி வைக்கிற இடம்) பாக்குற மாதிரி எழுதி வச்சுட்டு, அந்த ஸ்லாட்ட மட்டும் மாத்திவிட்டா ஆயிரமும் ஒரே அடியில செத்துரும், சீக்வென்சர் ஓட்டினதெல்லாம் வேஸ்ட். இதுக்குதான் இஆர்சி-7562ல விதி எழுதி வச்சிருக்காங்க, வேலிடேஷன்ல டைம்ஸ்டாம்ப் பாக்காத, அடுத்தவன் ஸ்டோரேஜத் தொடாத, பொதுவா எல்லாரும் பயன்படுத்துற பேமாஸ்டர்னா டெபாசிட் கட்டுன்னு. மூணு வருஷமா பண்ட்லர்கள் இந்த விதியில அடிபட்டு மிதிபட்டு பழகியிருக்காங்க, அந்த அனுபவம் உங்களுக்கு ஓசில கிடைக்குது. அதோட உங்கள்ல பாதிப்பேர்கிட்ட திறந்த மெம்பூலே கிடையாது, ஒரே சீக்வென்சர், வர்றதெல்லாம் ஒரே வாசல்ல வருது, ரேட் லிமிட் போடறது எல்1 காரங்களவிட உங்களுக்கு நூறு மடங்கு சுலபம்.

அந்த ஒரே வாசல்ங்கறதுலதான் எனக்கு உண்மையான பயம் ஒண்ணு இருக்கு, ரோல்கால்ல இத இன்னும் அழுத்திப் பேசணும். 2025 ஜனவரில சோனியோட சோனியம் நெட்வொர்க் திறந்த கையோட சில மீம் காயின்கள தடுத்து வச்சாங்க. அப்ப எல்1 வழியா சுத்திப் போக முடியும்ங்கறதுதான் மத்தவங்களுக்கு இருந்த ஒரே ஆறுதல். ஆப்டிமிசமும் சோனியமும் ஓடுற ஓபி ஸ்டாக் சாஃப்ட்வேர்ல, எல்1ல இருக்கற போர்ட்டல் கான்ட்ராக்ட்ல டெபாசிட்டா போட்டா, 12 மணி நேர ஜன்னலுக்குள்ள சீக்வென்சர் சேத்தே ஆகணும், ஆர்பிட்ரம்ல 24 மணி நேரம் கழிச்சு யார் வேணா தள்ளி விடலாம். ஆனா போர்ட்டல் வழியா வர்றப்ப அனுப்பினவர் யாருன்னா எல்1ல கூப்பிட்ட அட்ரஸ், அதுவும் எல்1 கான்ட்ராக்ட்டா இருந்தா அட்ரஸ வேற மாத்திருவாங்க. பாஸ்கீ (போன்ல கைரேகை, முகத்தால திறக்கற சாவி) மட்டும் வச்சிருக்க ஒருத்தர், எல்2ல மட்டும் அக்கவுன்ட் இருக்கறவர், அவரோட அக்கவுன்ட் பேர்லயே எப்படி இந்த வழில வருவார்? 4337ல வழி இருக்கு பாருங்க, என்ட்ரிபாயின்ட் ஒரு கான்ட்ராக்ட்ங்கறதால யாரோ ஒரு இஓஏ அவரோட யூசர்ஆப்ப எல்1 வழியா அதுக்குள்ள தள்ளிடலாம், வேலை முடிஞ்சுது. நேட்டிவ் ஏஏல கூப்பிடறதுக்கு கான்ட்ராக்டே இல்ல. இவ்வளவு நேரம் 4337அ திட்டினவன் சொல்றேன், இந்த இடத்துல அது உங்களவிட ஒரு படி மேல. புது ட்ரான்சாக்ஷன் வகைய சீக்வென்சர் வாசல்ல மட்டும் ஏத்துக்கிட்டு எல்1 வாசல்ல ஏத்துக்கலன்னா, பூசாரிய ஒழிச்சுட்டு கோயில் சாவிய மொத்தமா தர்மகர்த்தா கைல குடுத்த கதைதான்.

பேமாஸ்டர் விஷயத்தையும் பாதில விடாதீங்க. ஸ்டார்க்நெட்ல ட்ரான்சாக்ஷன் வெர்ஷன் 3ல பேமாஸ்டர் டேட்டான்னு ஒரு ஃபீல்டு வச்சாங்க, வச்சாங்க அவ்வளவுதான், காலியா இருக்கு. அதனால அங்கயும் வெளில இருந்து ஒரு சர்வீஸ் வந்து உங்களுக்காக அனுப்பற ஏற்பாடுதான் ஓடுது. நேட்டிவ்னு பேர் வச்சுட்டு திரும்ப பூசாரிகிட்டயே அனுப்பறதா? என் மாப்ள கேட்டது யுஎஸ்டிசில கட்டணம். அது ப்ரோட்டோகால்குள்ள இருக்கணும், நிபந்தனைய பூர்த்தி பண்ற யார் வேணா பேமாஸ்டர் வைக்கிற மாதிரி இருக்கணும், நெட்வொர்க் கம்பெனி அப்ரூவ் பண்ண நாலு பேர் லிஸ்ட்னு ஆகக்கூடாது.

எல்லாரும் ஒத்துப்போறது நடக்கற காரியமான்னு கேட்டா, நீங்களே நடத்திக் காட்டியிருக்கீங்க. ஆர்ஐபி-7212. போன்ல இருக்கற கைரேகை, ஃபேஸ்ஐடி சிப்பு போடுற பி256 கையெழுத்த சரிபாக்கற ப்ரீகம்பைல், அதாவது நெட்வொர்க்குக்குள்ளயே கட்டி வச்ச ஃபங்ஷன். கான்ட்ராக்ட் எழுதற சாலிடிட்டி மொழில எழுதினா லட்சக்கணக்குல கேஸ் தின்ன வேலை 3,450 கேஸ்ல முடிஞ்சுது. பாலிகான், இசட்கேசிங்க், 2024 ஜூலைல ஃப்யோர்டு அப்கிரேடுல ஓபி ஸ்டாக், ஆர்பிட்ரம்னு வரிசையா ஒரே அட்ரஸ்ல, ஒரே இன்டர்ஃபேஸ்ல வச்சீங்க. கடைசில எல்1 கூட பின்னாடி வந்து, 2025 டிசம்பர்ல ஃபுசாகா அப்கிரேடுல இஐபி-7951ன்னு, கொஞ்சம் ஓட்டை அடைச்சு அதே இன்டர்ஃபேஸ எடுத்துக்கிச்சு. எங்க கோடுல அன்னிக்கு நான் 400 வரிக்கு மேல அழிச்சேன், அந்த சந்தோஷம் உங்களுக்கு சொன்னா புரியாது.

நேட்டிவ் ஏஏக்கும் அதே மாதிரி ஒரு வரைவு 2023ல இருந்து இருக்கு, ஆர்ஐபி-7560, 4337 எழுதின டீமே எழுதினதுதான், அதனால இன்னிக்கு இருக்கற 4337 அக்கவுன்ட்கள கொஞ்சம் மாத்தி அதுல ஓட்டிடலாம். அதுல எனக்கு பிடிக்காததும் இருக்கு, நீளமா இருக்கு, ஒரு ட்ரான்சாக்ஷனுக்குள்ள அத்தன கட்டம் தேவையான்னு சந்தேகம் இருக்கு. நீங்க அதையே எடுத்தாலும் சரி, வெட்டிச் சுருக்கி வேற ஒண்ணு எழுதினாலும் சரி, எனக்கு அதுல வீம்பு கிடையாது. ரெண்டு பெரிய ஸ்டாக் காரங்க ஒரே வகை எண்ணோட, ஒரே வேலிடேஷன் விதியோட, எல்1 வாசலையும் சேத்து டெஸ்ட்நெட்ங்கற சோதனை நெட்வொர்க்ல ஓட விடுங்க. ஓட விட்ட அன்னிக்கு ராத்திரியே எங்க மூணு பேரோட பக் ரிப்போர்ட் வந்து சேரும், முதல் டெஸ்ட் யூசர் திருப்பூர்ல இருந்து வருவான். அவன் வாலட்ல ஈத்தர் பூஜ்யமாத்தான் இருக்கும், வேணும்னே அப்படி வச்சிருப்பேன்.

இப்படிக்கு,
பண்ட்லர் லாக் பாத்துப் பாத்து கண்ணு போன ஒரு வாலட்காரன்